நூற்றுப் பன்னிரண்டாம் பிரேம்

கடலில் புள்ளி வைக்கக் கூடாது.
முதல் நாளே படித்தது அது.
வானத்திலும் கூடாது, வேப்பிலையிலும்,
காகத்தில் ஒருபோதும்.
அசையாத ஒரு மூலை வேண்டும்,
இருட்டு முடிந்து வெளிச்சம் தொடங்குகிற,
பக்கத்தில் எதைப் போலவும் இல்லாத மூலை.

பெரியநீலாவணையில் ஒரு வெறும் வளவு.
ஆட்டோவுக்குள் இருந்தபடி
எஞ்சினைக்கூட நிறுத்தாமல்
நிப்றாஸ் எடுத்தது. பத்து விநாடி,
இருநூற்றைம்பது பிரேம்.
ஸ்டாண்ட் எங்கே என்றால்
"குலுங்கினாத்தான் கா உயிர் இருக்கும்" என்கிறான்.
உயிர் அவனுக்கு.
குலுக்கம் எனக்கு.

சீமெந்துக் கம்பனியின் விளம்பரம்.
அந்த வளவில் ஒரு மாடிவீடு நிற்கவேண்டும்.
வீடு கொழும்பிலிருந்து மெயிலில் வந்துவிட்டது:
பால்கனி, பூச்சாடி,
ஜன்னல் கண்ணாடியில்
வேறொரு ஊரின் மேகம்.

நாலு புள்ளி குத்தினேன்.
கரண்ட் கம்பத்து நம்பர்த் தகட்டில் ஒன்று.
தென்னையில் தகரம் அறைந்த ஆணியில் ஒன்று.
கிணற்றுக் கட்டில் காய்ந்துகிடந்த சவர்க்காரத் தடம்,
(யாரோ இன்னும் அங்கே குளிக்கிறார்கள்)
அதில் ஒன்று.
கடைசி, மதிலின் உடைந்த முனையில்.
கம்பி ஒன்று அதிலிருந்து
வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

ஓடவிட்டேன்.
பாலத்துத் தூணில் மட்டி பிடித்ததுபோல்
குலுங்கக் குலுங்க
விடாமல் ஒட்டியிருந்தன பச்சைச் சதுரங்கள்,
நூற்றுப் பதினொன்று வரை.

நூற்றுப் பன்னிரண்டில் ஒரு மனுசி குறுக்கே வந்தாள்.
கறுப்புக் குடை. சொப்பிங் பேக்கில்
பாணின் தலை தெரிகிறது.
மதில் முனையை அவள் மறைத்தது ஏழு பிரேம்,
ஒரு இமைப்பு.
அவள் விலகியபோது மதில் அங்கேயேதான் நின்றது.
புள்ளி இல்லை.
துணியை விட்டுக் கழன்று நீட்டிய
ஒரு குடைக்கம்பியில் ஏறி
அவளோடு போய்க்கொண்டிருந்தது.

கொம்பியூட்டரைக் குறைசொல்ல ஏலாது.
உடைந்த ஒன்றிலிருந்து
நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைத்தான்
பிடிக்கச் சொல்லியிருந்தேன்.

பிழை என்று தெரிந்தே வீட்டை ஒட்டிப் பார்த்தேன்.
ஒழுங்காய் நின்ற மாடிவீடு
ஒரு மூலையால் சரிந்து,
குழந்தை பிடித்திழுத்த மேசைவிரிப்பாய் நீண்டு,
பால்கனி பூச்சாடி மேகம் எல்லாவற்றோடும்
அவளுக்குப் புறகால புறப்பட்டது.
எட்டிப் பார்த்த நிப்றாஸ்
"வாடகை கேட்டுப் போகுது போல" என்றான்.
ரெண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு ஒவ்வொரு பிரேமாய் நகர்த்தினேன்.
இருநூற்று மூன்றில் அவள் நிற்கிறாள்.
குடை கொஞ்சம் கிறுகுகிறது.
வளவைத்தான் பார்க்கிறாளா,
கெமராவோடு ஆட்டோவில் இருந்தவனையா,
தெரியாது. முகம் முப்பது பிக்சல்.
பதினொரு பிரேம் அப்படியே நின்று
நடக்கிறாள்.
வலது ஓரத்தால் வெளியேறும்வரை
புள்ளி ஒரு இடத்திலும் இடறவில்லை.
அன்று எடுத்த நாலில்
அதுதான் சுத்தமான ட்ராக்.

மதில் முனையைக் கையால் திருத்தினேன்.
வீடு நின்றது.
பின்னேரம் கொழும்பிலிருந்து மெசேஜ்:
நல்லா இருக்கு. அந்தப் பொம்பிளையை மட்டும் எடுத்துவிடுங்கோ.

ஆளை எடுக்க
ஆளோடு ஆளாய்ப் போகிற ஒரு புள்ளி வேண்டும்.
அது ஏற்கெனவே இருந்தது.
பெயர் கேட்ட இடத்தில் "குடை" என்று அடித்து
மாஸ்க்கை அதில் கொழுவினேன்.
குடை போனது, பாண் போனது,
வீதியில் விழுந்த நிழலையும் துடைத்தேன்.
அவள் நின்ற இடத்தில்
மதில், தெளிவாக.

காசு வந்தது. விளம்பரமும் வந்தது.
நேற்று இடம் போதாமல் பழைய பைல்களை அழிக்கும்போது
அதைத் திறந்தேன்.
வீடு இருந்த லேயர் இல்லை, வீடியோ இல்லை,
எல்லாம் வேறு டிரைவில்.
கறுப்புத் திரையில் "குடை" மட்டும்.
பிளே அழுத்தினேன்.
ஒரு புள்ளி
இடமிருந்து வலமாய் நடந்தது.
பதினொரு பிரேம் நின்றது.
பிறகு நடந்தது.