செருப்புக் காவல்

ஓந்தாச்சிமடம் தாண்ட முதலே
அப்பா காலால் தரையை மிதிக்கத் தொடங்கிவிட்டார்.
அங்கே பிரேக் இல்லை அப்பா, என்கிறேன்.
தெரியும், என்கிறார்.
மிதிக்கிறார்.
கண் வெட்டின பிறகு ஓடக் கூடாதென்று டொக்டர் சொன்னது
முப்பது வருசம் ஓடின காலுக்கு
இன்னும் போய்ச் சேரவில்லை.

மாமிக்கு மணக்கத் தேசிக்காய் கொடுத்திருக்கிறோம்.
பிரயோசனமில்லை.
சித்தாண்டியில் கோபுரம் கண்டதும் கும்பிடுவா,
மறுகா சத்தியெடுப்பா,
டொல்பின் வேன் காலத்திலிருந்து இதுதான் ஒழுங்கு.

டொல்பினில் பதினாலு பேர்.
சீற்றுக்குக் கீழே ஒரு வத்தகப்பழம்
ஒவ்வொரு வளைவிலும் உருண்டு வரும்.
ஆர் காலில் முட்டுதோ அவர் கள்ளன்.
தம்பி எப்போதும் காலைத் தூக்கிவிடுவான்,
நானே கள்ளன், ஏறாவூர் வரைக்கும்,
வந்தாறுமூலை வரைக்கும்.

பாதை திறந்த வருசம் அது.
திறந்தது என்றால்
கும்புறுமூலையில் எல்லாரும் இறங்கி நடக்க வேண்டும்.
பெரியவர்கள் அடையாள அட்டையைப் பிடித்தபடி வரிசையில்.
எங்களுக்குக் கால் நீட்டக் கிடைத்த இடம்,
அவ்வளவுதான்.
வத்தகப்பழத்தையும் இறக்கச் சொன்னார்கள்.
ஆமிக்காரன் அதைத் தட்டினான், காது வைத்துக் கேட்டான்,
‘பழம் நல்லம்’ என்றான் அரைத் தமிழில்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
நான் சிரித்தேன்.
அம்மா கிள்ளின இடம்
கடல் உப்புப் பட்டு எரிந்தது, பின்னேரம் மட்டும்.

இன்றைக்கு அந்த வளைவில்
ஒருவன் செவ்விளநீர் குவித்து வைத்திருக்கிறான்.
கார் வேகம் குறைய முன்னமே
அம்மா கைப்பையைத் திறந்து
அட்டையைத் தொட்டுப் பார்த்து மூடுகிறா.
கண்ணாடியில் கண்டேன்.
காணாதமாதிரி
சிக்னலைப் போட்டுக் கிழக்கே திருப்பினேன்.

காபட் றோட்டு.
அரைநாள் பயணம் ஒன்றரை மணித்தியாலமாகிவிட்டது.
தம்பியும் நானும் தொடங்கின காணிச் சண்டை
வேலிக் கட்டையில் நிற்கும்போதே
கடல் வந்துவிட்டது.

‘எந்த ஹோட்டல்?’
தடியைக் குறுக்கே இறக்கி ஒரு பெடியன் கேட்டான்.
‘கடல்’ என்றார் அப்பா.
அவன் சிரித்துக்கொண்டு மற்றப் பாதையைக் காட்டினான்,
சனம் போகிற பாதை,
ஐஸ்பழ வானும் சறுக்கிக் கிடக்கும் சைக்கிள்களும்.

டிலக்சனா சட்டையோடு ஓடினாள்.
தம்பி பெஞ்சாதி பின்னால்.
புட்டுப் பெட்டியை இறக்கி
அம்மாவின் மரத்தைத் தேடினோம்.
மரம் இல்லை, வேறொரு மரம்.

சொல்ல வேண்டும்:
அம்மா கடலில் இறங்கியதை நாங்கள் கண்டதேயில்லை.
அவவின் பாசிக்குடா என்பது
இருபத்தெட்டுச் செருப்பும் ஒரு நிழலும்,
மணிக்கூடுகள் முடிந்த ஒரு கைலேஞ்சியும்.
நாங்கள் நீலமாய் விறைத்து வர
துவாயை நீட்டுவா, தலையை எண்ணுவா,
செருப்பை எண்ணுவா.

இன்றைக்கு நின்றபடி
சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகினா.
‘இந்தா கா, இத வெச்சிரு.
அட்டை உள்ள கிடக்கு, கவனம்.’
கைப்பை என் மடியில் விழுந்தது.
செருப்பைக் கழற்றி
மற்றச் செருப்புகளோடு நேராக வைத்துவிட்டு
போனா.

கணுக்கால். முழங்கால்.
டிலக்சனா கூப்பிட்டாள், திரும்பவில்லை.
வாழைப்பழ வள்ளத்தில் கூச்சலிட்ட வெள்ளைக்காரப் பிள்ளைகளைத் தாண்டி,
கயிற்றில் கட்டிய சிவப்பு மிதவையைத் தாண்டி
நடந்தா.
எவ்வளவு நடந்தாலும் இடுப்பை விடாத கடல்,
தெரியும் எனக்கு.
என்றாலும் எழும்பி நின்றேன்,
கைப்பையை நெஞ்சோடு பிடித்தபடி.
சேலைத் தலைப்பு பின்னால் மிதக்க
ஒரு கைப்பிடி அளவாகி
விரல் அளவாகி
இன்னும் நடக்கிறா.

‘நீந்தத் தெரியாதே அவளுக்கு’
என்கிறார் அப்பா, ஒருவரையும் பார்க்காமல்.
வலது கால்
மணலை மிதித்து மிதித்து
ஒரு சின்னக் குழி.