நடு நாற்காலி

மெனு கார்டு கிடையாது.
பன்னிரண்டு மணிக்குக் கதவு திறக்கும்.
பன்னிரண்டேகாலுக்கு மேல் வருகிறவனை
ஒதீல் ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பாள்,
பாதிப் பசி அதிலேயே அடங்கிவிடும்.

கொரேஸ் மலைச் சரிவில், மரம் அறுக்கும் மில்லைத் தாண்டி,
பெட்ரோல் பம்ப் மூடிப்போன முக்கில்
பெயர்ப்பலகையில் எழுத்து உதிர்ந்த கடை.
ஒரே மேசை. பதினாறு பேர்.
ரெக்ஸின் விரிப்பில் அச்சடித்த எலுமிச்சைகள்
தட்டு வைக்கும் இடங்களில் மட்டும் வெளுத்திருக்கும்.
சாலை போடுகிறவர்கள், தபால்காரி மிரேய்,
செத்த ஆடுகளை ஏற்றிப்போகும் வண்டிக்காரன்
(கையை இரண்டு தரம் கழுவிக் காட்டிவிட்டுத்தான் உட்காரலாம்),
அப்புறம் நான், பால் டேங்கர்.

என் இடத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை.
லெயோன்ஸுக்கும் ஃபெர்னானுக்கும் நடுவே ஒரு நாற்காலி
யாரும் உட்காராமல் கிடந்தது;
புதுசாக வந்தவன், தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன்.
கூடப்பிறந்தவர்கள். பதினோரு வருஷமாக முகம் கொடுத்துப் பேசியதில்லை.
ஓடையோரப் புல்வெளி, ஒரு கம்பி வேலி.
நகர்ந்தது வேலியா ஓடையா என்று
பத்திரம் எழுதிய நோட்டரிக்கே தெரியாதாம்.

அன்றிலிருந்து
உப்பு என் வழியாகப் போகும்.
ரொட்டி என் வழியாகப் போகும்.
"கடுகு" என்பான் பெரியவன், ஜன்னலைப் பார்த்து.
சின்னவன் ஜாடியை என் பக்கம் தள்ளுவான், சுவரைப் பார்த்து.
விடியற்காலை ஐந்தரைக்கு அண்ணன் வீட்டுப் பால்,
ஆறு மணிக்குத் தம்பி வீட்டுப் பால்.
முதல் வளைவு திரும்புவதற்குள்
என் முதுகுக்குப் பின்னால் இரண்டும் கலந்துவிடும்.
அதை நான் மேசையில் சொன்னதில்லை.

நவம்பரில் ஒரு செவ்வாய். மூடுபனி.
பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டது.
டிராக்டர் கேட்டு, இழுத்து, சேற்றோடு வந்து நின்றபோது
மணி பன்னிரண்டே முக்கால்.

முட்டைக்கோஸும் பன்றிக் கொழுப்பும் வெந்த வாசனை.
சூப் பாத்திரம் எப்போதும் லெயோன்ஸ் பக்கமிருந்து வரும்,
என்னிடம் நிற்கும், நான் தூக்கிக் கொடுப்பேன்.
அது இப்போது ஃபெர்னான் முன்னால் இருந்தது.
நடுவில் என் நாற்காலி, காலியாக.

பெரிய பீங்கான் பாத்திரம், இரண்டு பக்கமும் கைப்பிடி,
நிறைந்தால் ஆறு கிலோ.
தள்ளினால் தளும்பும்.
எலுமிச்சைகள் மேல் ஒரு சொட்டுக்கூட இல்லை.

நான் யாரையும் கேட்கவில்லை.
மிரேய் தன் ரொட்டியின் ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.
ஆட்டு வண்டிக்காரன் தும்மலை அடக்கிக்கொண்டான்.
ஒதீல் என் தட்டை எடுத்துக்கொண்டு போய்
மேசைக் கோடியில், நாய் படுக்கும் இடத்தருகே வைத்தாள்.
"தாமதத்துக்கு அபராதம்" என்றாள்,
தேவைக்கு மேல் சத்தமாக.

அங்கிருந்துதான் பார்த்தேன்.
அடியில் மிஞ்சிய சூப்பில் சிவப்பு ஒயினை ஊற்றி
தட்டோடு தூக்கிக் குடித்தார்கள் இருவரும்.
அதே இடது முழங்கை, அதே மூன்று மடக்கு,
முடித்ததும் மீசையில்லாத உதட்டின்மேல்
இல்லாத மீசையை அதே புறங்கையால் துடைப்பது.
யாருடைய மீசை அது என்று
ஊரில் வயதானவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பிறகு கன்றின் கன்னக் கறி, உருளைக்கிழங்கு.
பிறகு ரொட்டியால் தட்டை வழித்துக் கவிழ்த்து
அதன் முதுகில் உலர்பிளம்ஸ் பண்டம்.
அவரவர் மடக்குக் கத்தி, அவரவர் கால்சட்டையில் துடைத்து,
டக்.
கொஞ்சம் கழித்து, டக்.
பதினாலரை யூரோ. தனித்தனியாகப் போனார்கள்.

வியாழக்கிழமை நான் நேரத்துக்கு வந்துவிட்டேன்.
நாற்காலி இருந்தது. உட்கார்ந்தேன்.
"உப்பு" என்றான் லெயோன்ஸ், ஜன்னலைப் பார்த்து.
வாங்கி நீட்டினேன்.

அந்தப் பள்ளத்தை இன்னும் யாரும் மூடவில்லை.
சாலை போடுகிறவர்கள் எதிரேதான் சாப்பிடுகிறார்கள்;
நானும் ஞாபகப்படுத்தவில்லை.