ஐம்பது சொற்களுக்கு மிகாமல்

லிங்கிச் செட்டித் தெருவில்
போல்ட்டும் நட்டும் எடைபோட்டு விற்கும் கடைக்கு மேலே
இரண்டாம் மாடியில் எங்கள் வியாபாரிகள் சங்கம்.
வருஷத்துக்குப் பன்னிரண்டு கிராமத்துப் பிள்ளைகளுக்குக்
கல்லூரிக் கட்டணம்.
விண்ணப்பத்தின் ஏழாவது கேள்வி நான் எழுதியது:
'குடும்பச் சூழ்நிலையை விவரிக்கவும்,
ஐம்பது சொற்களுக்கு மிகாமல்.'
அச்சுக்கூலி மிச்சம் என்று
கட்டத்தை மூன்று விரல் உயரத்தில் நிறுத்திவிட்டேன்.

இந்த ஆனியில் நூற்று நாற்பத்தொன்று வந்தன.
கல்யாணப் பத்திரிகை உறையைத் திருப்பி ஒட்டி ஒன்று.
மண்ணெண்ணெய் வாசத்தோடு ஒன்று.
கடை சாத்திய பிறகு உட்கார்ந்து படிப்பேன்.
கீழே மீன்பாடி வண்டிகள் தகரம் அதிரப் போகும்.
துறைமுகத்தில் ஏதோ கப்பல்
அடித்தொண்டையில் யாரையோ கூப்பிடும்.

ஒருத்தி
ஒவ்வொரு சொல்லின் தலையிலும் எண் போட்டிருந்தாள்.
ஐம்பதாவது சொல் 'ஆனாலும்'.
அதோடு நிறுத்தியிருந்தாள்.

ஒருவன் கட்டத்தை விட்டுவிட்டு ஓரத்தில் கேட்டிருந்தான்:
'ஹாஸ்டலில் போன் சார்ஜ் போடத் தனிக்காசா?'

'வறுமையின் கோரப்பிடியில்' என்று
ஒரே ஊரிலிருந்து ஆறு தாள்கள்,
ஒரே கையெழுத்து, ஒரே நீலப் பேனா.
கோபத்தில் ஆறையும் தள்ளிவைத்தேன்.
எழுதிக் கொடுத்தவர் மேல்தானே கோபம் என்று
மறுநாள் இரண்டைத் திரும்ப எடுத்தேன்.

பன்னிரண்டோடு பணம் முடிந்தது.
பதின்மூன்றாவது,
ச. இளையபெருமாள், கல்வராயன் மலை.
ஏழாவது கேள்விக்கு ஒரே வரி:
'மழை பெய்தால் ஒரு பதில், பெய்யாவிட்டால் வேறு.'
மீதிக் கட்டம் வெறும் வெள்ளை.
பொருளாளர் ஹபீபுல்லா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.
'நல்லாத்தான் இருக்கு. தகவல் பத்தலையே.'
நான் பதில் பேசவில்லை.
பேசியிருக்கலாம்.

ஆடி பிறந்து ஒரு சனிக்கிழமை.
கிளாம்பாக்கத்தில் விடிகாலையில் இறங்கி,
மின்சார ரயிலில் கடற்கரை வந்து,
அங்கிருந்து கேட்டுக் கேட்டு நடந்து,
படியேறி நின்றான்.
பெயரைச் சொன்னதும் எழுந்துவிட்டேன்,
ஒத்திகை பார்த்து வைத்திருந்த வருத்தத்தோடு.
'இந்த வருஷம் நிதி கொஞ்சம்…'

அவன் அதற்கு வரவில்லை.
ஜெராக்ஸ் வைக்க வேண்டிய இடத்தில்
அசலை வைத்து ஒட்டி அனுப்பிவிட்டானாம்,
பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்.
திங்கட்கிழமை காலேஜில் காட்டணும்.
சேர்ந்துட்டியா என்றேன்.
'ஈவினிங் காலேஜ், மேடம்.
பகல்ல மாதவரம் குடோன்ல பார்சல் பிரிக்கிறேன்.'
மழை பெய்ததா என்று கேட்க வாய் வந்தது.
கேட்கவில்லை.

பீரோவின் அடித்தட்டில்
சணல் கயிற்றுக் கட்டுக்குள் இருந்தது.
வலது மூலையில் பென்சிலில்,
அசலென்று தெரியாமல் நான் போட்ட 13.
அழித்தேன்.
ரப்பர் துகளை ஊதினேன்.
தடம் போகவில்லை.

ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.
'ரேங்க்கா இது?'
ஆமாம்.
'எத்தனை பேர்ல?'
சொன்னேன்.
'பரவால்லியே' என்றான்,
நிஜமாகவே மகிழ்ந்து.
எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.
மின்விசிறியைப் பார்த்தேன்.

டீ வேண்டாமென்று படிவரை போனவன்
திரும்பி வந்தான்.
'ஃபாரம் ஒண்ணு மிச்சம் இருக்குமா?
தங்கச்சி இப்ப பிளஸ் டூ.'
கொடுத்தேன்.
நின்றபடியே முதல் பக்கம் படித்தான்,
புரட்டினான்,
ஏழாவது கேள்விக்கு வந்ததும்
கட்டத்தின் மேல் மூன்று விரலை வைத்து
அளந்து பார்த்தான்.

'அவ நிறைய எழுதுவா, மேடம்.
இது பத்தாது.'