நானூற்றுப் பத்துக் கிராம்

இரத்தப் பரிசோதனைத் தாளின் பின்பக்கத்தில்
பெண்ணொருத்தியைக் கீறினார் டொக்டர்.
தலை இல்லை. அவசரத்தில் விட்டிருப்பார்.

சிலிக்கன் வைக்கலாம். கொழும்பிலிருந்து வரவேண்டும்,
பத்துப் பதினைந்து வருசத்தில் மாற்றவும் நேரலாம்.
இல்லையென்றால் வயிற்றுச் சதை:
அபிசனாவை எடுக்க வெட்டிய தழும்புக்கு மேலால்
ஒரு கோடு இழுத்து
அம்புக்குறி போட்டு நெஞ்சுக்குக் கொண்டுவந்தார்.
முதுகுத் தசையும் சரிவரும்.
"பாரம் தூக்கிற வேலையோ?"
தபாற்கந்தோர், என்றேன். பொதிப் பக்கம்.
பேனை கொஞ்ச நேரம் முதுகிலேயே நின்றது.

காம்பு?
அதைப் பிறகு பச்சை குத்தலாமாம்.

ஒன்றும் செய்யாமல் விட்டால்?
நான் கேட்ட பிறகுதான் அதற்குத்
தாளில் இடம் தேடினார்.
"அதுவும் ஒரு வழிதான் அம்மா.
கதிர் அடிச்சு முடியட்டும். ஆறு மாசம் யோசியுங்கோ."

வீட்டில் இவர்
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
முன்பக்கத்து ஹீமோகுளோபினையும் வாசித்தார்.
"உமக்கு எது விருப்பமோ" என்றார்.
இருபத்திரண்டு வருசத்தில்
கறிக்குக்கூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

யோசிக்கிற ஆறு மாசமும்
சட்டை ஒரு பக்கம் சரியும்தானே.
பஞ்சு கழுத்துக்கு ஏறிவிடும்,
பாரம் வேணும், பயறு போடு
என்றா யூலியற் அக்கா.
அவவுக்கு இடப்பக்கம். ஏழு வருசம்.

சுன்னாகம் சந்தையில் அரைக் கிலோ.
"முளைகட்டவோ, கஞ்சிக்கோ?"
கஞ்சிக்கு, என்றேன்.
மத்தியானம் ஆளில்லாத நேரம்
தைத்த பையைப் பொதித் தராசில் வைத்தேன்.
நானூற்றுப் பத்து.
பத்தொன்பது வருசம் நிறுத்துப் பழகிய கை
மற்றதைத் தாங்கிப் பார்த்து
சரியென்றது.
கனடாவுக்கு வான்தபாலில் இதற்கு எவ்வளவு
என்று மனம் தன்பாட்டில் கணக்குப் போட்டது.

இணுவிலில் மழை பிடித்தது.
ஸ்கூட்டியை நிறுத்தவில்லை.
இரண்டு நாளும் விடாத மழை, காயாத துணி.
இவர் கண்ணயரும்வரை நான் அதைக் கழற்றுவதுமில்லை.
மூன்றாம் நாள் விடிய
தையலுக்குள்ளால் வெள்ளையாக ஏதோ.
பிரித்துப் பார்த்தால்
எல்லாம் வால் விட்டிருக்கிறது!
கத்தி போன இடத்துச் சூட்டில்
யாரையும் கேளாமல்.

சிரித்தேன்.
தழும்பு இழுத்துப் பிடித்தது, நோகநோகச் சிரித்தேன்.
ஓடிவந்த அபிசனா
பையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு
"அம்மா, இதைத் தாளிக்கலாமோ?" என்றாள்.
சீ, போடி.
கோழிகளுக்கு எறிந்தோம். கொஞ்சம் விழுந்து போனது
வேலியோரத்தில்.

இன்றைக்கு ஒன்றும் வைக்காமல் வேலைக்கு வந்திருக்கிறேன்.
முத்திரை வாங்க வந்த மனிசன்
முத்திரையைத்தான் பார்த்தார்.
பிறகு வந்தவர் அப்படியில்லை.

தாள் கைப்பைக்குள் இருக்கிறது,
தலையில்லாத அவளுக்கு நான்
நேற்று ஒரு கொண்டை கீறிவிட்டேன்.
இன்னும் ஐந்து மாசம் கிடக்கு.