நூறு வரை

உயூனி உப்புவெளியில் சாலையே இல்லை,
கோணல் எங்கே தெரியப்போகிறது
என்று நினைத்துத்தான் ஜீப்பை விற்றிருப்பான்
கொழுந்தன் எலுத்தேரியோ.

ஸ்டீயரிங்கை நடுவில் நிறுத்தி
சால்வையால் இருக்கையோடு இறுக்கிக் கட்டினாள் சத்துர்னினா.
இரண்டாம் கியர். நூறு வரை எண்ணினாள்.
இறங்கிப் பார்த்தால்
வெள்ளைத் தரையில் தடம்
அரிவாளாய் இடப்பக்கம் வளைந்து கிடக்கிறது.

காற்றில் குறையில்லை, நேற்றுத்தான் அடித்தது.
பின்சக்கரத்திலிருந்து முன்னுக்கு நூல் இழுத்தாள்.
இடது டயரில் ஒட்டியது.
வலது டயரின் முன்விளிம்புக்கும் நூலுக்கும் நடுவே
ஒரு பொலிவியானோ காசு நுழைந்து
உப்பில் விழுந்தது.
அவ்வளவுதான் பிசகு.
அதற்கே டயரின் வெளியோரம் வழுக்கை.

மல்லாந்து படுத்து,
குளிரில் விறைத்த லாக் நட்டை
கெச்சுவாவில் திட்டித் தளர்த்தி,
டை ராடைக் கால் சுற்று.
மறுபடி நூல்.
கூடிப்போயிற்று.
கொஞ்சம் பின்னுக்கு.
காசு இப்போது நுழையவில்லை.

மறுபடி சால்வை, மறுபடி நூறு.
ஒன்று எண்ணும்போது எதிரே இருந்த துனுப்பா மலை
நூறு எண்ணும்போதும்
எதிரேதான் இருந்தது.

ஜனவரி மழை வரும்வரை
இரண்டு தடமும் அழியாது.
புதன்கிழமை எலுத்தேரியோ
இந்த வழியாகத்தான் வருவான்.