அளவு

டுலூத்தில் ஏரி உறைந்த வாரம்
மார்லிஸ் தன் தையல் மிஷினுக்கு
அளவெடுத்தாள்.
பன்னிரண்டு வருஷமாக ஊருக்கெல்லாம் தைத்தது.
அதன் இடுப்பை யாரும் கேட்டதில்லை.

மஞ்சள் முக்கோணங்கள், நடுவே பஞ்சு,
ஓரத்துக்குத் திரைச்சீலையில் மிஞ்சிய நீலம்.
தைப்பது தனக்குத்தான் என்று தெரியாமல்
கடகடவென்று ஓடிற்று ஊசி.

போர்த்திப் பார்த்தாள்.
கைச்சக்கரத்தை மறந்திருந்தாள்.
வலப்பக்கம் முட்டிக்கொண்டு நின்றது,
சட்டைக்குள் முழங்கை மாட்டிய பிள்ளைபோல.

பிரித்தாள். துண்டு வைத்து அகலப்படுத்தினாள்.
இப்போது சரி.

விளக்கை அணைக்கப் போகையில்
வாசலில் ஆர்விட்,
தாடியெல்லாம் பனி.
மீன்பிடிக் கோட்டின் ஜிப் போய்விட்டதாம்,
விடிந்தால் ஏரிமேல் உட்கார வேண்டுமாம்.

உறையைக் கழற்றினாள்.
உள்ளே
இன்னும் சூடு ஆறவில்லை.