உடைமை: ஒன்று

எழும்பூரில் பெட்டி வைக்கும் அறையில்
சீட்டு எழுதுகிறவர் தலை தூக்காமல் கேட்டார்,
"கூட யாரு?"
யாருமில்லைங்க என்றேன்.
தூக்கினார்.
பிறகு, பெயர் தெய்வநாயகி, ஊர் கரூர்,
உடைமை ஒன்று என்று
அடியில் இருந்த தாளிலும் பதியும்படி
அழுத்தி எழுதிக் கொடுத்தார்.
இருபத்துமூன்று வருடம்
உரமூட்டைக்கு ரசீது போட்ட கை என்னுடையது.
அழுத்தி எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

வீட்டில் பயிற்சி என்று சொல்லியிருக்கிறேன்.
கூட்டுறவில் ஏதோ ஒரு பயிற்சி
எங்கேயாவது நடந்துகொண்டேதான் இருக்கிறது.

அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையாம்.
வாசல் காவலர் டீயை ஊதிக்கொண்டே
"நாளைக்கு வாங்களேன்" என்றார்.
நாளைக்கு நான் யூரியா எண்ணிக்கொண்டிருப்பேன்.
கம்பிக்கு அந்தப் பக்கம் சிவப்புக் கட்டடம்.
உள்ளே எங்கோ ஒரு திமிங்கலம், எலும்பாக.
அதற்கும் இன்று லீவு.
கோபித்துக்கொள்ள முடியவில்லை.

கடற்கரைக்குப் பறக்கும் ரயிலில் போங்கள் என்றார்கள்.
அது பறக்கவில்லை.
மாடி மாடியாக எட்டிப் பார்த்துக்கொண்டு போனது.
ஒரு வீட்டில் வெங்காயம் உரித்தார்கள்
ஒரு வீட்டில் ஒருவர் ஸ்டூல் மேல் நின்று
மின்விசிறி துடைத்தார்
நடுவில் கூவம்.
மூக்கைப் பொத்தியது பெட்டியில் நான் மட்டும்.
இறங்கிய நிலையம்
நாலு கல்யாணம் நடத்தலாம், அவ்வளவு பெரிசு.
ஒரு நாய் படுத்திருந்தது.

கலங்கரை விளக்கத்தில் லிஃப்ட் இருக்கிறது.
மேலே காற்று
என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.
கடலை எல்லாரும் ஒருமுறைதான் பார்த்தார்கள்.
பிறகு ஊர்ப்பக்கம் திரும்பி
அதோ நம்ம வீடு
இல்லப்பா, அதுக்கு அடுத்த தெரு
என் ஸ்கூலு, என் ஸ்கூலு என்று
விரல் விரலாக நீட்டினார்கள்.

நீட்ட எனக்கு ஒன்றுமில்லை.
அதனால் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்:
குப்பத்துக் குடியிருப்பில் ஒரு மொட்டை மாடி
கொடியில் கட்டம் போட்ட போர்வை
ஓரத்தில் மஞ்சள் வாளி.
அதோ, என்றேன் வாய்க்குள்.
விரலையும் நீட்டினேன், கொஞ்ச நேரம்.

இறங்கி வந்தால் மாடிகள் காணவில்லை.
கீழேயிருந்து எல்லாமே சுவர்.
வலை காயும் சாலையைத் தாண்டி
போர்வையைத் தேடி மேலே பார்த்தபடி நடந்ததில்
யாரோ கழுவிய தண்ணீரில் இரண்டு முறை கால் வைத்தேன்.
நாலாவது சந்தில்
வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கேட்டாள்,
"இன்னாம்மா, யாராண்ட வந்தே?"

வாளியிடம் என்று எப்படிச் சொல்வது.
மேலே கை காட்டினேன்.

"தேசம்மாவா?
அது வூட்டக் காலி பண்ணிக்கினு
எர்ணாவூர் பக்கம் பூட்டுச்சே, ஆறு மாசம் ஆவுது.
உங்கிட்ட சொல்லல?"
சொல்லலைங்க.
"கால வச்சிக்கினு அது யாராண்ட சொல்லும், பாவம்.
குந்து. வெயில்ல வந்துகீறே."

கவிழ்த்த மீன்பெட்டியில் உட்கார்ந்தேன்.
சொம்பில் தண்ணீர் தந்தாள், செதிலோடு.
நறுக்கி முடிக்கும்வரை தேசம்மாவைப் பற்றியே பேசினாள்:
கடன் வாங்கினால் தேதி தவறாதாம்
சிரித்தால் நாலு வீடு கேட்குமாம்
மருமகனோடு பேச்சு இல்லையாம்.
நான் உம் கொட்டினேன்.
இத்தனை தூரம் வந்தும் பார்க்க முடியவில்லையே என்று
எனக்கு நிஜமாகவே
ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ராத்திரி சீட்டைக் கொடுத்தேன், பெட்டி வந்தது.
"சரியா இருக்கா பாத்துக்கங்க."
பார்த்தேன். ஒன்று.

தாம்பரம் தாண்டும்போது அவர் கூப்பிட்டார்.
பயிற்சி எப்படி, யார் யார் வந்திருந்தார்கள்.

எல்லாரும் வந்தாங்க, என்றேன்.
தேசம்மாதான் வரலை.
கால் சரியில்லையாம்.